மல்லித்தழை போடாத சோறு

காலையில் தின்ற இட்லி இன்னும் இறங்கவில்லை. தேவிபட்டினத்தை விட்டு இரண்டு மணி நேரம் மிதித்தாயிற்று. அது தொண்டைக்குழிக்குக் கீழே எங்கோ உட்கார்ந்துகொண்டு மிதிக்கு ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது. இட்லியில் குறை சொல்ல ஒன்றுமில்லை, மெத்தென்றுதான் இருந்தது. கொடுத்தவளின் கட்டைவிரல்தான் விவகாரம். நகம் பாதி பிய்ந்து ஓரம் கறுத்துப்போன கட்டைவிரல், ஒரு கணு அளவுக்குச் சட்னிக்குள் முங்கியிருந்ததை யாகப்பன் பார்த்துவிட்டார். வேறு எவனாவது என்றால் பார்த்திருக்கமாட்டான். யாகப்பனுக்கு ஐம்பத்துநாலு வருஷமாகத் தெரிந்த ஒரே வித்தை இதுதான், பத்துப் பேர் சாப்பிடும் பந்தியில் எந்த இலையின் ஓரத்தில் ஈ உட்கார்ந்து எழுந்தது என்று கண்டுபிடிப்பது. தூத்துக்குடியில் கடல்காரர் குடும்பத்தில் பிறந்து, மீன்வாடைக்குப் பயந்து கடலுக்கே போகாமல், துறைமுகத்து ஐஸ் கம்பெனியில் போய் ஒண்டிக்கொண்டவர். ஐஸுக்கு வாடை கிடையாது. தொட்டால் ஒட்டாது, கறை விடாது, மறுநாளைக்கு மிச்சம் இருக்காது. முப்பது வருஷம் அதோடு குடும்பம் நடத்திவிட்டார் என்று கூட்டாளிகள் கேலி செய்வார்கள். சுத்தக்காரன் என்று பட்டப்பெயர். அந்தச் சுத்தக்காரன் இப்போது மூன்று நாளாகத் துவைக்காத காவி வேட்டியைத் தொடைக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு, வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ச்சை என்று சைக்கிள் மிதிக்கிறார், அதுவும் கையில் சல்லிக்காசு இல்லாமல், ஒரு பிடி அவல்கூட எடுத்துக்கொள்ளாமல். வழியில் யாராவது கூப்பிட்டுக் கொடுத்தால் தின்ன வேண்டும். யாரிடமும் வாய் திறந்து கேட்கக் கூடாது. கொடுத்ததை வேண்டாம் என்று சொல்லவும் கூடாது. அதுதான் நேர்ச்சை. ஊரார் விரலெல்லாம் முங்கிய சோற்றைத் தின்பதைவிடப் பெரிய தண்டனை தனக்கு இல்லை என்று தெரிந்தே தேர்ந்தெடுத்தது. தெரிந்தேதான், ஆனால் கட்டைவிரல் கட்டைவிரல்தான். மறுபடியும் எட்டிப் பார்த்தது.

முன்னால் போகிறவன் கஸ்பார், மனைவி பிலோமினாளின் தம்பி. துணைக்கு வருகிறேன் என்று ஒட்டிக்கொண்டவன். அவன் முதுகில் வேர்வை ஒரு பெரிய படமாக விரிந்திருந்தது, நடுவில் உப்புப் பூத்து வெள்ளை. இடது பக்கமிருந்து கச்சான் காற்று மண்ணை வாரிக்கொண்டு வரும்போது அந்த வேர்வை வாடையையும் சேர்த்தே கொண்டுவருவதாக யாகப்பனுக்குத் தோன்றியது, காற்றுக்கு வேறு வேலை இல்லையா. இதோ ஒரு இறால் பண்ணை. பாசி பிடித்த தண்ணீர் ரோட்டோர வாய்க்காலில் வந்து நிற்கிறது, அழுகல், மூச்சை அடக்கு, அடக்கி எத்தனை மிதி போக முடியும், ஒன்பது, பத்து, விட்டாச்சு, எல்லாம் உள்ளே போய்விட்டது. கஸ்பார் அதே வாடையில் மாதா பாட்டு பாடிக்கொண்டு போகிறான். எப்படித்தான் முடிகிறதோ. தின்னும்போது சத்தம், தின்று முடித்ததும் ஏப்பம், ஏப்பத்தோடு சேர்த்து, "பாத்தீயளா அத்தான், மாதா குடுத்தா." மூன்று நாளாக இதே வசனம். வேம்பாரில் வெண்பொங்கல் வந்தபோது மாதா குடுத்தா. சாயல்குடிக்கு இந்தப் பக்கம் புளிச்சோறு வந்தபோது மாதா குடுத்தா. மாதா கொடுக்காமல் என்ன செய்வாள், இவன்தான் பலகை மாட்டியிருக்கிறானே. கிளம்பும்போது இரண்டு சைக்கிளின் ஹாண்டில்பாரிலும் ஒவ்வொரு பலகை கட்டினான். 'கையில் காசில்லை, பையில் சோறில்லை, மாதா பார்த்துக்கொள்வாள்.' சிவப்பு எழுத்து, கீழே ஒரு மெழுகுவர்த்தி. வாயால் கேட்கக் கூடாது என்று நேர்ந்துகொண்டு பலகையால் கேட்டுக்கொண்டே போவது. கோயில் வாசலில் தகரக் குவளையைக் குலுக்குகிறவன் இதைவிட நேர்மையானவன். ஓட்டுகிறவருக்குப் பலகையின் பின்பக்கம்தான் தெரியும். பழைய விளம்பரத் தகடு போலிருக்கிறது, ஏதோ பற்பசைக்காரி பாதி வாயோடு மூன்று நாளாக அவரைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

பலகையைக்கூட மன்னித்துவிடலாம். நேற்றுச் சாயங்காலம் கேட்டதைத்தான் விழுங்க முடியவில்லை, இட்லி அதோடுதான் சிக்கிக்கொண்டிருக்கிறது. தங்கின இடத்துக் கோயிலின் பின்னால், பைப்பில் கால் கழுவப் போனவருக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் கஸ்பாரின் குரல் கேட்டது. செபம் சொல்லிவிட்டு வருகிறேன் என்று போனவன் போன் பேசிக்கொண்டிருந்தான். போன் கொண்டுவரக் கூடாது என்பதும் நேர்ச்சைதான். எங்கே ஒளித்து வைத்திருந்தானோ, காற்றடிக்கிற பம்ப் சுற்றியிருக்கும் துணிக்குள்ளாக இருக்கும். "நாளைக்கு மத்தியானம் தொண்டிக்கு இங்கிட்டு, பஸ் ஸ்டாப்புல. ஆமா, ஆமா, அது போடாமத்தான். சொல்லியாச்சுல்லா, பெறகென்ன." அவ்வளவுதான் காதில் விழுந்தது. யாகப்பன் ஒரு காலைக் கழுவிவிட்டு மறு காலைக் கழுவாமலே திரும்பினார். அவர் கால் கழுவாமல் படுத்த முதல் நாள் அதுதான். ஆக, மாதா கொடுக்கவில்லை. இவன் போன் போட்டு வரவழைத்த சோறு. வேம்பார் பொங்கல், புளிச்சோறு, கீழக்கரையில் ஒரு கிழவர் நிறுத்திக் கொடுத்த மீன்குழம்புச் சோறு, காலையில் அந்தக் கட்டைவிரல், எல்லாம் ஏற்பாடு. கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு கவளத்தையும் ஒப்புக்கொடுத்து விழுங்கினாரே, பிலோவுக்காக, பிலோவுக்காக என்று, அதெல்லாம் என்ன கணக்கில் சேரும். சொந்தக்காரன் ஏற்பாட்டில் விருந்து தின்றுகொண்டு ஊர் சுற்றப் போனவன் என்றுதானே மேலே இருக்கிறவளுக்குத் தெரியும். நேர்ச்சையில் கள்ளம் கலந்தால் யாருக்கு நேர்ந்ததோ அவர்கள் தலையில்தான் விடியும் என்பதைச் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறார். வருகிற திங்கட்கிழமை பிலோவுக்கு ஆப்பரேஷன். சனிக்கிழமை வேளாங்கண்ணியிலிருந்து பஸ் பிடித்து ஊர் போய்ச் சேர்ந்தால், ஞாயிறு ஒரு நாள் பக்கத்தில் இருந்துவிட்டு, திங்கள் காலை தியேட்டருக்கு அனுப்பலாம். கையில் கள்ள நேர்ச்சையோடு.

குடலில் கட்டி. டாக்டர் ஒரு காகிதத்தில் குடலை வரைந்து காட்டினார், வாய்க்கால் மாதிரி வளைத்து வளைத்து. இந்த இடத்தை வெட்டிவிடுவோம், ஆறும்வரைக்கும், ஆறேழு மாசமாவது, வயிற்றில் இங்கே ஒரு துளை வைத்து வெளியே ஒரு பை மாட்டிவிடுவோம், அதில்தான் எல்லாம் வரும் என்றார். எல்லாம் என்றால். யாகப்பனின் நாக்கு அடியில் தண்ணீர் ஊறியது. டாக்டர் விடவில்லை. "வீட்ல யார் பாத்துக்குவீங்க? பையை மாத்தணும், சுத்தி இருக்கிற தோலைத் துடைக்கணும், புண்ணாகாமப் பாக்கணும். சாருக்கு நர்ஸ் கத்துக்குடுப்பாங்க, ஒண்ணும் கஷ்டமில்ல." பிலோ திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். ஒரு வினாடிதான், அவ்வளவு நேரம்கூட இல்லை. பார்த்துவிட்டு, "அவுக வேண்டாம் டாக்டர், நானே பாத்துக்கிடுவேன்" என்றாள். மகள் ஜெசிந்தா மஸ்கட்டில் எட்டு மாதச் சூலி, வர முடியாது. வேறு யார். அவள் அப்படிச் சொன்னதும் மனசுக்குள் ஓர் இளக்கம் ஏற்பட்டதே, அப்பாடா என்று, அதை நினைத்தால் இப்போது இட்லிகூடத் தேவலை. அன்று சாயங்காலமே கோயிலுக்குப் போய் முட்டி போட்டு நேர்ந்துகொண்டார். சைக்கிள், காசில்லை, சோறில்லை, கேட்பதில்லை. ஊரே மெச்சியது. சாமியார் தலையில் கை வைத்து ஆசீர்வதித்து அனுப்பினார். பிலோ மட்டும், "எத்தன நாளு?" என்றாள். ஆறு நாள் என்றார். "சரி" என்றாள், மூன்று பனியனை மடித்துப் பையில் வைத்தாள். ஆஸ்பத்திரிக்கு அவளுடைய சேலையை யார் மடித்துப் பையில் வைத்தார்கள். பக்கத்து வீட்டு லீதியாள் கூட இருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள். இருப்பாள். நல்ல பொம்பளை. மேடு வருகிறது, சின்னப் பாலம், எழுந்து நின்று மிதிக்க வேண்டும், முழங்கால் கடகடவென்கிறது, மிதி.

பாலத்தின் மேல் ஒரு நாய் செத்துக் கிடந்தது. கஸ்பார் வளைந்து போனான். யாகப்பன் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தார். வயிறு திறந்திருந்தது. காகம் ஒன்று நிதானமாக, அவசரமே இல்லாமல். வலப்பக்கம் கரிமூட்டப் புகை, வேலிக்கருவை வேகும் வாடை, அது நல்ல வாடை, புகை எதையும் மூடிவிடும், அம்மா அறையில் பிலோ சாம்பிராணி போடுவாள். அம்மாவை ஏன் இப்போது. அம்மா பதினோரு மாதம் படுக்கையில் கிடந்தாள். பதினோரு மாதமும் அவர் வாசற்படியிலிருந்துதான், "அம்மா, எப்படி இருக்கே" என்பார். உள்ளே பிலோ துணியைப் பிழிந்துகொண்டிருப்பாள். பிறகு கிணற்றடியில் சிவப்பு சோப்பை முழங்கைவரை போட்டுத் தேய்த்துவிட்டு வந்து சோறு போடுவாள். அவள் குனிந்து குழம்பு ஊற்றும்போது அவர் மூச்சைப் பிடித்துக்கொள்வார். அவளுக்குத் தெரியாது என்றுதான் நினைத்திருந்தார். ஒரு நாள் சட்டியையும் கரண்டியையும் அவர் கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிட்டு, "நீங்களே ஊத்திக்கிடுங்க" என்று எட்டிப்போய் உட்கார்ந்தாள். அன்றிலிருந்து அம்மா போகும்வரைக்கும் அப்படித்தான். தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் செய்திருக்கிறாள். சே. எச்சில் துப்ப வேண்டும்போல் இருந்தது, ரோட்டில் துப்புகிறவர்களைக் கண்டால் ஆகாது, விழுங்கினார். அந்தப் பற்பசைக்காரிக்கு என்ன சிரிப்பு.

'அது போடாமத்தான்.' எது. காலையிலிருந்து இந்த ஒன்று செயினில் மாட்டிய நூல்மாதிரி சுற்றிச் சுற்றி வருகிறது. எதைப் போடாமல். காரமா. புளிச்சோறு நல்ல காரம். உப்பா, வெங்காயமா. பொங்கலை நினைத்துப் பார்த்தார். மிளகு, சீரகம், முந்திரி. மீன்குழம்பு, புளி, தேங்காய், வெந்தயம். சட்னி, வெள்ளைச் சட்னி, கட்டைவிரல், தாளித்த கடுகு, கறிவேப்பிலை. மேலே தூவும் பச்சை எங்குமே இல்லை. மல்லித்தழை. மூன்று நாள், எட்டு வேளை, எட்டு வீட்டுச் சோறு, ஒன்றில்கூட மல்லித்தழை இல்லை. யாகப்பனுக்கு மல்லித்தழை ஆகாது. மூட்டைப்பூச்சியை நசுக்கிய வாடை என்பார். ஒரு கிள்ளு விழுந்தாலும் அந்தச் சட்டியே வேண்டாம் என்று எழுந்துவிடுவார். அட, கஸ்பாருக்கு இது எப்படித் தெரியும். தன் தட்டில் என்ன இருக்கிறது என்றே பாராமல் தின்கிறவன், அடுத்தவன் தட்டையா பார்த்திருப்பான். கல்யாண வீட்டில் அவர் ரசத்தை ஒதுக்கியபோது, "என்ன அத்தான், ரசம் ஆகாதா" என்று கேட்டவன் அவன். அவனுக்குத் தெரியாது. அப்படியானால். யோசனை அந்த இடத்தில் போய் முட்டி நின்றது, நின்று திரும்பிக்கொண்டது. தாகமாக இருக்கிறது. வெயில். தொண்டி இன்னும் பத்துக் கிலோமீட்டர் என்று கல் சொன்னது. பஸ் ஸ்டாப் வரட்டும், சோறு வரட்டும், வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். கள்ளச் சோறு தின்னமாட்டேன். இங்கிருந்து வேளாங்கண்ணி வரைக்கும் பட்டினியாகவே மிதித்து நேர்ச்சையைக் கழுவிக்கொள்கிறேன். அதை நினைத்ததும் நெஞ்சு நிமிர்ந்தது. அந்த நிமிர்ச்சியும் ஏனோ நாற்றமெடுத்தது.

பஸ் ஸ்டாப் நிழலில் ஒரு பெண்பிள்ளை குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் மூன்றடுக்குத் தூக்கு. நாற்பது வயது இருக்கும். எதிர்ச்சாரி டீக்கடையில் மீன் ஏற்றிய கூண்டு வண்டி ஒன்று நின்று தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பலகையைப் பார்த்ததும் அவள் எழுந்தாள். "வாங்கண்ணே, யாகப்பண்ணன் நீங்கதான? நான் அமலோற்பவம்." கஸ்பார் சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு யாகப்பனுக்குப் பின்னால் நின்று கையை ஆட்டினான். நிழல் தரையில் ஆடியது. அவள் அதைப் பார்க்கவில்லை, தூக்கைத் திறப்பதில் மும்முரமாக இருந்தாள். "ரசம், கூனி இறால் பொடி, கீரை. தழை போடல, பயப்படாதீக. அக்கா அதைத்தான் நாலு வாட்டி சொல்லுச்சு. போட்டுறாத அமலி, அவுகளுக்குக் கொமட்டும், சொல்லவும் மாட்டாக, நேர்ச்சையில இருக்காகன்னு." யாகப்பன், "எந்த அக்கா?" என்றார். தெரிந்த பிறகும் அப்படி ஒரு கேள்வி வாயில் வந்துவிடுகிறது. "பிலோமினாக்காதான். மாதா சபைக்கு வருசா வருசம் கூட்டத்துக்கு வரும்ல, கரை நெடுக எங்க எல்லாத்தையும் பழக்கம். ஆஸ்பத்திரில படுத்துக்கிட்டே ஊரூராப் போன் போட்டு ஆள் பிடிச்சிருச்சு. நேத்து ராமநாதபுரத்துக்கு இங்கிட்டு, இன்னிக்கு நான். முத்துப்பேட்டைக்கு மட்டும் ஆள் சிக்கல, நாளைக்கு வெள்ளன ஆப்பரேசன், அப்புறம் நான் பேச முடியாது, இன்னிக்குள்ள நீ ஒரு ஆள் பாத்துக்குடு அமலின்னு சொல்லுச்சு. பாத்துட்டேன்."

"திங்கக்கெழமைல்லா ஆப்பரேசன்" என்றார் யாகப்பன். அவள் நிமிர்ந்து அவர் முகத்தையும் கஸ்பார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "பெரிய டாக்டர் ஊருக்குப் போறாராம், அதான் நாளைக்கேன்னுட்டாகளாம். உங்களுக்குச் சொல்லலியா?" கஸ்பார் கண்ணைத் துடைத்தான், வேர்வையாகவும் இருக்கலாம். "அக்கா போன்லயே மாதா படத்து மேல என்னைக் கை வைக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கிட்டா அத்தான். தெரிஞ்சா பாதியில திரும்பிருவாவ, நேர்ச்சை முறிஞ்சா அவுக மனசு தாங்காது, போறவரைக்கும் போகட்டும்னா. நான் என்ன செய்ய." யாகப்பன் தூக்கைப் பார்த்தார். ரசம் தெளிவாக இருந்தது, தக்காளித் தோல் ஒன்று மிதந்தது, பச்சை ஒன்றுமில்லை. இருபத்தேழு வருஷமாக வீட்டில் இந்த ரசத்தைத்தான் ஒரு வார்த்தை கேட்காமல் குடித்திருக்கிறார். மத்தியானம் ஆனால் தட்டு வரும், தட்டில் பச்சை இருக்காது. எங்கிருந்து வருகிறது என்று ஒரு நாளாவது நினைத்ததுண்டா. குடலில் கட்டியை வைத்துக்கொண்டு, மூக்கில் ட்யூபோ கையில் ஊசியோ, படுத்தபடி, சாயல்குடிக்கு ஒன்று, கீழக்கரைக்கு ஒன்று என்று போன் போட்டிருக்கிறாள், மல்லித்தழை போடாதீங்க என்று. அவளுக்காகப் பட்டினி கிடக்கக் கிளம்பியவனுக்கு அவளே சோறு அனுப்பியிருக்கிறாள். சாப்பிட்டது முழுக்க மேலே வரும்போல் இருந்தது. இந்தத் தடவை கட்டைவிரலால் அல்ல. தன்னைத்தான் அவருக்குப் பிடிக்கவில்லை. தன் மூக்கை, தன் காவி வேட்டியை, ஊர் மெச்சிய அந்த முட்டி போட்ட சாயங்காலத்தை. மாதாவுக்கா நேர்ந்தார், அந்தப் பைக்குப் பயந்து ஓடினார். சைக்கிள் இருந்ததால் நேர்ச்சை என்று பேர். அவள் அதையும் அன்றைக்கே டாக்டர் மேஜையில் பார்த்துவிட்டாள், பார்த்துவிட்டுத்தான் மூன்று பனியனை மடித்து வைத்தாள்.

ரோட்டைத் தாண்டியது அவருக்கு ஞாபகமில்லை. கூண்டு வண்டிக்காரர் டீ கிளாஸோடு நின்றுகொண்டிருந்தார். யாகப்பன் அவர் முன்னால் கையைக் கூப்பினார், வாய் வரவில்லை, பிறகு வந்தது. "வண்டி எங்க போவுது?" தூத்துக்குடிக்கு, கம்பெனிக்கு என்றார் அவர். "என்னையும் ஏத்திக்கிடுங்க. கையில ஒண்ணுமில்ல. சாயங்காலத்துக்குள்ள போயாகணும், என் பெஞ்சாதிக்கு நாளைக்கு ஆப்பரேசன்." வண்டிக்காரர் காவி வேட்டியை மேலும் கீழும் பார்த்தார். "முன்னால மூணு பேரு இருக்கோம் அண்ணாச்சி. பின்னால மீன் பொட்டி மேலதான் உக்காரணும். ஐஸ் தண்ணி ஊத்தும், நாறும்." "நாறட்டும்" என்றார் யாகப்பன். அமலோற்பவம் தூக்கை மூடி அவர் கையில் திணித்தாள். கஸ்பார் பம்ப் துணியைப் பிரித்து, நினைத்தபடியே அதற்குள்ளிருந்து, போனை எடுத்துக் கொடுத்தான். "நேர்ச்சையை நான் போய் முடிச்சுட்டு வாரேன் அத்தான், உங்க மெழுகுவத்தியையும் ஏத்திருதேன்." யாகப்பன் தலையை ஆட்டினார். "அந்தப் பலகையைக் கழட்டிரு மாப்ள. பசிச்சா வாய் திறந்து கேளு."

கூண்டுக்குள் நண்டுப் பெட்டியும் இறால் பெட்டியும் கலந்து அடுக்கியிருந்தது. பெட்டி மேல் உட்கார்ந்த மறுநிமிஷமே பழுப்புத் தண்ணீர் வேட்டியில் ஏறி, உள்ளே இறங்கி, தோலில் பட்டது. வண்டி குலுங்கியபோது இன்னொரு பெட்டியிலிருந்து முகத்தில் தெறித்தது. முப்பது வருஷம் உடைத்து அனுப்பிய ஐஸ் எங்கே போய் என்னவாகிறது என்பது இப்போதுதான் தெரிந்தது. குமட்டல் போகவில்லை, போகும் என்று நினைத்ததும் தப்பு, முன்னைவிட நன்றாகவே குமட்டியது. முதல் நம்பரை அமுக்கினார். நாலாவது தடவை மணி அடித்ததும், "சொல்லு கஸ்பாரு, சாப்பிட்டாவளா?" என்று அந்தக் குரல் வந்தது, கொஞ்சம் இளைத்து.

"பிலோ, நான்தான்."

ஆஸ்பத்திரியில் யாரோ ஸ்டூலை இழுக்கும் சத்தம் கேட்டது.

"அந்த நர்சம்மா எத்தன மணி வரைக்கும் இருப்பா?" என்றார்.

"எந்த நர்சு?"

"பை மாத்தக் கத்துக்குடுக்கவ. நான் ஆறு மணிக்கு வந்துருவேன். இருக்கச் சொல்லு."

"வேண்டாங்க. உங்களுக்குக் கொமட்டும்."

"கொமட்டத்தான் செய்யும்" என்றார் யாகப்பன். தூக்கு சாய்ந்து ரசம் கொஞ்சம் கையில் ஊற்றியது, மீன் தண்ணீர் படிந்த கை. அதை வேட்டியில் துடைக்காமல் அப்படியே வைத்துக்கொண்டார். "கொமட்டிக்கிட்டே செய்யுதேன். நீ சாப்பிட்டியா?"